குவாதலூப் நாட்குறிப்பு: கரும்பு போன மண், வாழை நின்ற மண்

மார்ச் 4, 2024, பொயந்த்-ஆ-பித்ர்

கரீபியக் கடலிலுள்ள பிரெஞ்சு ஆட்சிப்பகுதியான குவாதலூப், வரைபடத்தில் சிறகு விரித்த பட்டாம்பூச்சியாகத் தெரிகிறது. ரிவியேர் சாலே என்னும் குறுகிய உப்புநீர்க் கால்வாய் அதை இரு தீவுகளாகப் பிரிக்கிறது. மேற்கிலுள்ள பாஸ்-தேர் எரிமலை மண். அங்குள்ள லா சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர் உயரம் கொண்டது. கிழக்கிலுள்ள கிராந்த்-தேர் தாழ்வான சுண்ணாம்புக்கல் நிலம். மழையின் பெரும்பகுதியை மலையே வாங்கிக்கொள்வதால் கிழக்குக்கு வேண்டிய குடிநீர் மேற்கிலிருந்து குழாயில் வருகிறது. பழுதடைந்த குழாய்களில் பாதிக்கு மேல் ஒழுகிப்போக, பல ஊர்களில் முறைவைத்தே தண்ணீர் விடுகிறார்கள்.

மார்ச் 6, லெ மூல்

கரும்பு வெட்டும் காலம் இது. பாரம் ஏற்றிய வண்டிகள் கார்தெல் ஆலையை நோக்கி வரிசையாக ஊர்கின்றன. இவ்விரு சிறகுகளிலும் எஞ்சியிருக்கும் சர்க்கரை ஆலை இது ஒன்றுதான்.

1635இல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய பின், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் இந்தச் சர்க்கரை விளைந்தது. 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையில், பிரிட்டனுக்குக் கனடாவை விட்டுக்கொடுத்தேனும், அது கைப்பற்றியிருந்த இத்தீவைத் திரும்பப் பெற பிரான்ஸ் இசைந்தது என்றால், இதன் வருவாய் எவ்வளவு பெரிதாக இருந்திருக்க வேண்டும்! 1794இல் ஒழிக்கப்பட்ட அடிமைமுறையை நெப்போலியன் ஆட்சி 1802இல் மீண்டும் கொண்டுவர முனைந்தபோது, அதை எதிர்த்துப் போரிட்ட படை அதிகாரி லூயி தெல்கிரேசும் அவருடைய தோழர்களும் சரணடைய மறுத்து, மே 28 அன்று பாஸ்-தேரிலுள்ள மதூபாவில் வெடிமருந்துக்குத் தீயிட்டு மாண்டார்கள். 1848இல் இறுதி விடுதலை வந்தபோது இழப்பீடு பெற்றவர்கள் அடிமைகளை வைத்திருந்தவர்களே. விடுதலையானவர்களுக்கு ஒரு காசும் தரப்படவில்லை என்பதை இந்தக் கரும்புக் காட்டருகே நின்று எண்ணிப்பார்க்கையில் மனம் கொதிக்கிறது.

மார்ச் 9, கபெஸ்தெர்-பெல்-ஓ

நெடுஞ்சாலையோரம் வண்ணச் சிற்பங்களோடு ஷான்ஜி என்னும் இந்துக் கோயில் நிற்கிறது. அடிமைமுறை ஒழிந்தபின் தோட்டங்களில் வேலைசெய்ய ஒப்பந்தக் கூலிகள் கொண்டுவரப்பட்டார்கள். 1854 டிசம்பர் 24 அன்று ‘ஒரேலியன்’ என்னும் கப்பல் முதல் இந்தியத் தொழிலாளர்களை இத்தீவில் இறக்கியது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் வந்தார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள் அவர்களில் ஏராளம். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு அனுப்புவதாக வாக்களித்திருந்தும், திரும்பியவர்கள் கால்வாசிக்கும் குறைவு. இவ்வூரில் பிறந்த ஆன்றி சிதம்பரம், இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு 1904இல் தொடங்கிய வழக்கு 1923இல்தான் வெற்றி கண்டது.

மார்ச் 10, கபெஸ்தெர்-பெல்-ஓ

இன்று வாழைத் தோட்டத்தினூடே நடந்தேன். தார்கள்மேல் நீல நிறப் பிளாஸ்டிக் உறைகள். கீழே கருத்த, ஈரமான எரிமலை மண். கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டைக் கொல்ல, 1972 முதல் 1993 வரை இதில் குளோர்டெகோன் என்னும் நஞ்சை இட்டார்கள். பிரான்சில் 1990இல் தடைவிதிக்கப்பட்ட பின்பும், வாழைக்காக இங்கும் மற்றொரு பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கிலும் மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. இம்மருந்து எளிதில் சிதையாது. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் தங்கி, ஓடைவழியே கடலோர மீன்களையும் சேர்கிறது. தீவின் வயதுவந்தோரில் 10 பேரில் 9 பேருக்கும் மேற்பட்டோர் இரத்தத்தில் இதைக் கொண்டிருக்கிறார்கள். 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள் இந்த நஞ்சு குறித்த வழக்கை முடித்துவைத்தபோது யாருக்கும் தண்டனை இல்லை.

மண்ணிலுள்ள நஞ்சு வாழைப்பழத்துக்கு ஏறுவதில்லை. ஆகவே கப்பலேறும் பழம் ஐரோப்பாவில் தடையின்றி விற்கிறது. பெருவள்ளி, சேம்பு, சர்க்கரைவள்ளி முதலிய கிழங்குகளிலோ அது ஏறிவிடுகிறது. இவையே இவ்வூர் மக்களின் அன்றாட உணவு என்பதால், வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு மண்ணை இலவசமாகச் சோதித்துத் தருகிறார்கள். முடிவு வந்த பிறகே கிழங்கு நடலாமா என்று தீர்மானிக்க முடிகிறது.