மிஷாரில் வென்றது மண்வெட்டி

ஒட்டோமான் துருக்கியரின் ஆட்சியில் வெடித்த செர்பியக் கிளர்ச்சி என்றாலே எல்லோருக்கும் அதன் தலைவர் கராஜோர்ஜேயின் வாளும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால் மண்வெட்டிக்குத்தான் சிலை வைத்திருக்க வேண்டும்.

1804 ஜனவரியில் தாஹியாக்கள், அதாவது சுல்தானுக்கே அடங்காமல் பெல்கிரேடை ஆட்டிப்படைத்த ஜானிசரி எனும் ஒட்டோமான் காலாட்படையின் தலைவர்கள், செர்பிய ஊர்ப் பெரியவர்களைத் தேடித் தேடித் தலையை வெட்டினார்கள். பிப்ரவரியில் ஒராஷாட்ஸ் கிராமத்தில் கூடியவர்கள் கிளர்ச்சியை அறிவித்தார்கள். போருக்கு அது நல்ல பருவமே இல்லை. ஹைதுக்குகள் எனப்பட்ட காட்டுக் கலகக்காரர்கள் மே மாதப் புனித ஜார்ஜ் திருநாளில் கூடி, நவம்பரில் புனித டிமிட்ரியஸ் திருநாளோடு கலைந்துவிடுவது வழக்கம். மரத்தில் இலை இருந்தால்தானே ஒளிய முடியும்? மொட்டைக் காட்டில் தொடங்கினார்கள் என்றால் வேறு வழியில்லை என்று பொருள்.

தலைவராகத் தேர்ந்த கராஜோர்ஜே பன்றி வியாபாரி. 1788-ல் தொடங்கிய ஆஸ்திரிய-துருக்கிப் போரில் ஆஸ்திரியாவின் தன்னார்வப் படையில் இருந்தவர். இரண்டு அனுபவமும் கைகொடுத்தன. படையில் இருந்ததால் ஒழுங்காகப் போரிடத் தெரியும். வியாபாரத்தால் எல்லைக்கு அப்பால் ஆள் பழக்கம் உண்டு. வெடிமருந்தும் ஈயமும் சாவா, டான்யூப் ஆறுகளைத் தாண்டி ஆஸ்திரியப் பக்கத்திலிருந்து கள்ளத்தனமாக வந்தன.

பீரங்கிக்கு எங்கே போவது? செர்ரி மரத்தின் அடித்துண்டைக் குடைந்து, மேலே இரும்புப் பட்டைகளை இறுக்கிப் பீரங்கியாக்கினார்கள். பெரிய குண்டை வெகுதூரம் எறிகிற கருவி அல்ல இது. மரம் நார்வாக்கில் பிளக்கும். காயக் காயச் சுருங்குவதால் பட்டை தளர்ந்துவிடும். மருந்தைப் பற்றவைக்கும் துளை ஒவ்வொரு வெடிக்கும் கரிந்து அகலமாகும். சில வெடிகளோடு ஆயுள் முடிந்தது. பெல்கிரேடு கையில் வந்த பிறகு, 1808-ல்தான் அங்கே உலோகப் பீரங்கி வார்க்கும் பட்டறை அமைந்தது.

உண்மையான பலம் ஷானட்ஸ் என்று அவர்கள் சொல்லும் மண்கோட்டைதான். அகழி வெட்டு, வெட்டிய மண்ணை உள்பக்கம் குவி, மேட்டின் மேல் கூர்மரம் நடு. ஒரே வேலையில் பள்ளமும் மதிலும் கிடைத்துவிடும். சக்கிமுக்கித் துப்பாக்கியை ஒருமுறை சுட்டு மறுபடி மருந்திட்டு இடிக்க ஏறக்குறைய அரை நிமிடம். அதற்குள் குதிரைக்காரன் நூறு மீட்டரைத் தாண்டி வந்து வெட்டிவிடுவான். அந்த அரை நிமிடத்தைத் தருவது அகழி.

1806 ஆகஸ்டில் ஷாபட்ஸ் ஊருக்கு அருகே மிஷாரில் இது கச்சிதமாக நடந்தது. சுமார் 7,000 பேர் மண்கோட்டைக்குள்; 2,000 குதிரைவீரர்கள் கிடோக் காட்டுக்குள் மறைவாக. பாஸ்னியாவிலிருந்து வந்த ஒட்டோமான் படை நெருங்கும்வரை யாரும் சுடக்கூடாது என்பது கட்டளை. வயலை விட்டு வந்த குடியானவனை, பாய்ந்து வரும் குதிரைப்படைக்கு முன்னால் விரலை அசைக்காமல் நிறுத்துவது சாதாரண காரியமா? தூரத்தில் சுட்டிருந்தால் முதல் வேட்டு வீண். இரண்டாவதற்கு நேரமும் இருந்திருக்காது. கிட்டத்தில் ஒரேயடியாகச் சுட்டார்கள். முன்வரிசை சரிந்து குழம்பிய நேரத்தில் காட்டிலிருந்த குதிரைப்படை பின்னாலிருந்து விழுந்தது.

இதே முறை 1809 மே 31 அன்று நிஷ் நகருக்கு அருகே செகாரில் கவிழ்ந்தது. ஆறு மண்கோட்டைகள் கட்டியிருந்தார்கள். ஆனால் தளபதிகள் மிலோயே பெட்ரோவிச்சும் பேதர் தோப்ரன்யாட்ஸும் முட்டிக்கொண்டு நின்றார்கள். இன்னொரு தளபதி ஸ்டெவான் சின்ஜெலிச் இருந்த கோட்டை தாக்கப்பட்டபோது மற்றவற்றிலிருந்து உதவி வரவில்லை. மிஷாரில் காடு செய்த வேலையைச் செய்ய இங்கே யாருமில்லை. ஒட்டோமான் வீரர்கள் அலை அலையாக வந்து விழ, அகழி பிணங்களால் தூர்ந்துபோனது. பின்னால் வந்தவர்கள் அதன் மேலேயே நடந்து ஏறினார்கள். அகழி போனதும் அந்த அரை நிமிடமும் போயிற்று. சின்ஜெலிச் வெடிமருந்துக் கிடங்கை நோக்கிக் கைத்துப்பாக்கியால் சுட்டார்.