முகமூடியின் உள்பக்கம்

திருநெல்வேலி புதுப் பஸ் ஸ்டாண்டில் அன்றைய பேப்பர் ஒன்று வாங்கிக்கொண்டு பாபநாசம் பஸ் ஏறினேன். சேரன்மகாதேவி தாண்டினால் காருகுறிச்சி. நாகஸ்வர மேதை அருணாசலத்தின் ஊர், மண்பானைக்கும் பேர்போன ஊர். நான் தேடிப் போனதோ காகிதக்கூழில் முகமூடி செய்யும் ஒருவரை. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டுபவர்கள் அவரைத் தேடி வருவார்களாம். (குலசை இப்போது தூத்துக்குடி மாவட்டம். 1986-ல் பிரியும்வரை எங்கள் ஜில்லாதான், அந்த உரிமையை நான் இன்னும் விடவில்லை.)

திண்ணையில் ஒரு எருமை முகம் காய்ந்துகொண்டிருந்தது. மகிஷாசுரனுக்கு. கொம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வெளிய பாக்காதீய தம்பி, உள்ள பாருங்க" என்று திருப்பிக் கொடுத்தார். உள்ளே பூராவும் பேப்பர் கீற்றுகள். மூக்குப் பள்ளத்தில் பாதி கண்ணீர் அஞ்சலி விளம்பரம், நெற்றியில் ஒரு தங்க விலை. நெற்றி, தாடை, மூக்குத் தண்டு மூன்றும் தொடும் இடத்தில் கீற்றுகளை இரட்டையாக ஒட்டி மழுக்கியிருந்தார். "வேஷம் போட்டவன் மொகத்துல படுதது இதுதான. கொம்பு பாக்கவனுக்கு."

குயவர் வீடு. ஆனால் இவருக்குச் சக்கரத்தில் கை நிற்கவில்லை. சின்ன வயதில் அம்மனுக்கு நேர்ந்து, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் முகமூடியோடு குரங்கு வேஷம் கட்டியிருக்கிறார். புரட்டாசிப் புழுக்கத்தில் முகமெல்லாம் வெந்துபோயிற்று. மறுவருஷம் மண்ணிலேயே செய்து சுட்டார். கழுத்து ஒடிகிற கனம். குலசை போய்ச் சேருமுன்னே கீழே விழுந்து மூன்று துண்டு.

வழி காட்டியது ஆச்சி. பழைய பேப்பரை ஊறப்போட்டு, வெந்தயம் சேர்த்து உரலில் ஆட்டி, ஓலைப்பெட்டி மேல் அப்பிக் காயவைப்பாளாம். வெந்தயத்தின் வழுவழுப்பு பிடித்துக்கொள்ளும், கசப்புக்குப் பூச்சி அண்டாது. நம் வீடுகளிலும் அப்படி ஒரு பெட்டி பரணில் இருந்திருக்கும். "ஆச்சி பெட்டி மேல அப்புனா, நான் மண்ணு மேல அப்புனேன்."

முதல் முகமூடி மண் அச்சைவிட்டு வரவே இல்லை. இப்போது முதல் சுற்றுக்குப் பசையே கிடையாது, வெறும் ஈரப் பேப்பர். அதற்கப்புறம்தான் புளியங்கொட்டைப் பசை. நேர்வெயிலில் வைத்தால் கோணிவிடும், திண்ணை நிழல்தான் சரி. ஐப்பசி மழையில் செய்ததெல்லாம் ஒரு வருஷம் பூஞ்சை பூத்துப் போனதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போட்டுப் பார்க்கச் சொன்னார். லேசு, ஆச்சரியமாக லேசு. வெந்தய வாசம் குப்பென்று ஏறியது. எருமையின் கண் வேறு, நமக்கான ஓட்டை வேறு. மூக்குத் துவாரம் வழியாகத்தான் வெளியே தெரிகிறது. தெரிவதும் காலடியில் ரெண்டு முழம். திரும்பினேன், கொம்பு நிலைப்படியில் இடித்தது. அவர் பதறிக் கொம்பைத்தான் தடவினார், என்னை இல்லை.

கிளம்பும்போது பையிலிருந்த பேப்பரைக் கேட்டார். மேலிருந்து கீழாகக் கிழித்தார், நூல் பிடித்ததுபோல் போனது. குறுக்கே கிழித்தார், கோணல்மாணல். "வாக்குப் பாத்துக் கிழிக்கணும்" என்றபடி நாலாம் பக்கத்தையும் கீற்றாக்கித் தண்ணீர்ச் சட்டியில் போட்டார். அதில் நான் பஸ்ஸில் பாதி போட்டு வைத்திருந்த குறுக்கெழுத்து இருந்தது.