நாய் கடித்த பெட்டையும் பால்கன்னிக் குட்டியும்

4 நவம்பர் 2024, திங்கள்

விடிவதற்குச் சற்று முன் தெருநாய் ஒன்று வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டது. தம்பி கம்பை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் பால்கன்னி இன ஆட்டுக்குட்டிக்குப் பின்தொடையில் ஒரு கடி, சாம்பல் நிறப் பெட்டைக்கோழிக்கு முதுகில் ஒரு கடி. இருட்டில் நாய் என்ன நிறம் என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. செவலை என்கிறான் தம்பி.

கோழியின் காயம்தான் பார்க்கப் பெரிதாக இருந்தது. ஆனாலும் முதலில் ஆட்டைத்தான் பிடித்தோம். வெறிநோய் பாலூட்டிகளுக்கு வருவது; கோழிக்கு அந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை. கையில் பாலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு, குட்டியைக் குழாயடியில் நிறுத்தி, சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் தண்ணீரில் கடிவாயைக் கழுவினோம். நாயின் எச்சிலில் இருக்கும் கிருமியை அந்த இடத்திலேயே குறைப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அப்பத்தா சுண்ணாம்பு டப்பாவுடன் வந்து நின்றார். நாய்க்கடிக்குச் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வைத்தே பழகியவர். "வேண்டாம் அப்பத்தா, புண்தான் வெந்துபோகும்" என்றேன். முணுமுணுத்தார், ஆனால் டப்பாவை மூடிவிட்டார்.

அதுவரை பெட்டை சாக்கு விரித்த அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. அடிபட்ட கோழியைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு ஆளாளுக்குத் தடவிப் பார்ப்பது அதற்குச் செய்யும் கொடுமை. பயத்திலேயே செத்துப்போகும். இருட்டு, கதகதப்பு, சத்தமில்லாத இடம் ஆகிய மூன்றையும் கொடுத்துவிட்டு அப்புறம்தான் மருந்தைத் தேட வேண்டும். மற்ற கோழிகளிடமிருந்தும் உடனே பிரித்தாக வேண்டும். ரத்தத்தைப் பார்த்தால் அவை கொத்தத் தொடங்கிவிடும், கூடப் பிறந்ததென்றாலும் சரி.

எட்டு மணிக்குக் கால்நடை மருந்தகம். மருத்துவர் அம்மா பெட்டையின் காயத்தைச் சுற்றித் தோலை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். பறவைகளுக்கு நுரையீரலோடு உடம்புக்குள் காற்றுப்பைகளும் உண்டு. கடி அவற்றைத் துளைத்திருந்தால் தோலுக்கடியில் காற்று சேர்ந்து, அழுத்தும்போது நொறுநொறுவென்று தட்டுப்படுமாம். நல்லவேளையாக அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு இறக்கைக்கும் நடுவிலிருந்து இடுப்புவரை தோல் கிழிந்து மடங்கிக் கிடந்தது, சதை அதிகம் போகவில்லை. தையல் போடவில்லை. நாயின் பல் பட்ட காயத்தை மூடித் தைத்தால் உள்ளே சீழ் கோத்துக்கொள்ளும் என்றார். ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து, மருந்து நிறுத்திய பிறகும் தாம் சொல்லும்வரை இதன் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி இன்று தொடக்கம். இன்றைய நாளைச் சுழியமாக வைத்து 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் அடுத்தடுத்த ஊசிகள். காலண்டரில் எல்லாத் தேதியையும் வட்டமிட்டாயிற்று.

5 நவம்பர்

காயம் கழுவும் முறையை எழுதி வைக்கிறேன், பலரும் கேட்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் 9 கிராம் உப்பு, அதாவது குவியாத ஒன்றரைத் தேக்கரண்டி அளவு. ரத்தத்தின் உப்பளவும் ஏறக்குறைய அதுதான் என்பதால் எரியாது. வெதுவெதுப்பாக ஆறியதும் ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சினால் மண்ணும் தூவலும் தானாக வெளியே வரும். பஞ்சால் தேய்க்க வேண்டியதில்லை. காயத்தைச் சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரிக்க வேண்டும், பிடுங்கக் கூடாது. இளம் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும். அதைக் கத்தரித்தாலும் ரத்தம் நிற்காமல் வரும் என்பதால் அவற்றை விட்டுவிட்டேன். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தேநீர் நிறத்துக்கு நீர்க்கவைத்து ஒரு முறை ஊற்றினால் போதும்.

மஞ்சள் அரைத்துக் காயம் முழுக்க அப்புவதை நான் விரும்புவதில்லை. காய்ந்து பொருக்காகி, அடியில் என்ன நடக்கிறது என்பதே தெரியாமல் போகிறது. ஓரத்துக்கு வேண்டுமானால் வைக்கலாம்.

இரை எடுக்கவில்லை. தண்ணீர் மட்டும், அதுவும் அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வைத்தால் நக்கிக்கொள்கிறது. வாயைப் பிளந்து ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். எத்தனையோ கோழிகள் நோயால் சாகவில்லை, இப்படி மருந்து புகட்டியதால்தான் செத்திருக்கின்றன.

6 நவம்பர்

எதிர்வீட்டு மதினி பார்த்துவிட்டு, "ஐயோ, அழுகிவிட்டதே, இனி குழம்புக்குக்கூட ஆகாது" என்றார். காயத்தைச் சுற்றித் தோல் பச்சையாக இருக்கிறது, பாசி படிந்தாற்போல. அது அழுகல் இல்லை. நமக்குக் கன்றிப்போன இடம் நீலமாகிப் பிறகு மஞ்சளாகும். கோழியின் உடம்பில் ரத்தம் உடையும்போது பச்சை நிறமியோடு நின்றுவிடுகிறது, அதை மஞ்சளாக மாற்றும் நொதி அதற்கு இல்லை. அழுகினால் நாற்றம் வரும், தோல் குளிர்ந்து கறுக்கும். முகர்ந்து பார்த்தேன், நாற்றமில்லை. தொட்டால் சூடாக இருக்கிறது. இந்தப் பச்சையைப் பார்த்துப் பயந்து அறுக்கப்பட்ட கோழிகளை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

மதினிக்கு விளக்கிச் சொன்னேன். அவரும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

7 நவம்பர்

குட்டிக்கு இரண்டாவது ஊசி. சூரசம்ஹாரம் என்பதால் பஸ்ஸில் நிற்க இடமில்லை, தம்பி குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டே வந்தான். அவன் கையில் முள் கீறிய காயம் இருந்ததையும், அந்தக் கையோடு குட்டியைப் பிடித்ததையும் மருத்துவர் அம்மா கவனித்துவிட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டச் சொன்னார். மாலையே போய் அவனும் ஊசி போட்டுக்கொண்டான். இந்த நோய் வெளியே தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை என்பதால் இதில் கூச்சமோ சோம்பலோ கூடாது.

9 நவம்பர்

பெட்டை இரை எடுத்தது! வேகவைத்த முட்டையை உதிர்த்து, ஊறவைத்த கம்போடு கலந்து வைத்தேன். முதலில் தலையைச் சாய்த்துப் பார்த்தது, பிறகு மஞ்சள் கருவை மட்டும் பொறுக்கித் தின்றது. இரவில் கழுத்துக்கு அடியில் உள்ள இரைப்பையைத் தொட்டுப் பார்த்தேன், பாதி நிறைந்திருந்தது. காலையில் அது காலியாக இருக்க வேண்டும். அப்படியே கல்லாக நின்றால் அடைப்பு என்று பொருள்.

மழை விட்டதும் ஈ மொய்க்கிறது. ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு. பஞ்சாரத்தின்மேல் பழைய கொசுவலையைப் போர்த்தியிருக்கிறேன். அப்பத்தா குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் போட்டு நல்லெண்ணெயில் காய்ச்சிக் கொடுத்தார். தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மூலிகை ஆய்வு மையம் பரப்பிய மருந்தும் இதே சேர்மானம்தான். காய்ச்சும்போது வீடே மணந்தது. தோல் மூடத் தொடங்கிய ஓரங்களில் தடவுகிறோம், ஈ கிட்டே வருவதில்லை.

12 நவம்பர்

கீழத்தெருவில் கோழிகள் சாகின்றன. வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், இறக்கை தொங்கல், சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கல். வெள்ளைக் கழிச்சலாகத்தான் இருக்கும். இராணிக்கெட் நோய் என்று புத்தகத்தில் போட்டிருப்பது இதைத்தான். குமாவுன் மலையில் உள்ள ராணிக்கெட்டில் 1920களின் பிற்பகுதியில் கண்டறிந்ததால் அந்த ஊர்ப் பெயரே நோய்க்கு ஒட்டிக்கொண்டது. வந்தபின் மருந்து கிடையாது.

அங்கிருந்து ஓர் அக்கா கோழியைக் கூடையில் எடுத்துக்கொண்டு வந்து பார்க்கச் சொன்னார். வாசலுக்கு வெளியிலேயே நின்று பேசி அனுப்ப வேண்டியதாயிற்று. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் கிருமி செருப்பிலும் கூடையிலும் ஏறி வீடு மாறும். மிச்சமிருப்பவற்றைச் சந்தையில் தள்ளிவிடாதீர்கள், செத்தவற்றை ஓடையில் வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், மருந்தகத்துக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். தலையாட்டினார். சந்தை நாள் நாளை மறுநாள். என்ன செய்வாரோ.

14 நவம்பர்

டீக்கடை அருகே செவலை நாய் ஒன்று படுத்திருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது. கடித்த நாய் பத்து நாளைக்குப் பிறகும் நலமாக இருந்தால் கடித்தபோது அதன் எச்சிலில் வெறிநோய் இருந்திருக்காது என்பது கணக்கு. ஆனால் அந்த நாய்தானா இது? தம்பியால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஊசியை முழுமையாகப் போட்டு முடிப்பதுதான் சரி என்று மருத்துவர் அம்மா தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

16 நவம்பர், சனி

மருந்தகத்தில் கோழிகளுக்குக் கழிச்சல் தடுப்பூசி. பெரியவற்றுக்கு இறக்கைக்கு அடியில் தோலில் ஊசி, குஞ்சுகளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு. ஐஸ் வைத்த டப்பாவிலிருந்து மருந்தை எடுத்துக் கலக்கியதும் மளமளவென்று போட்டு முடிக்கிறார்கள். சூடேறினால் மருந்து வீண்.

சாம்பல் பெட்டைக்குப் போடவில்லை. நலிந்த உடம்பில் தடுப்பூசி சரியாக வேலை செய்யாது, தோல் மூடட்டும் என்று மருத்துவர் அம்மா சொல்லிவிட்டார். கீழத்தெருவில் நோய் நிற்க, இது ஒன்று மட்டும் காப்பில்லாமல் இருக்கிறது. பஞ்சாரத்தைப் பின்தாழ்வாரத்துக்கு மாற்றினேன். அதற்கு இரை வைத்த பிறகுதான் மற்றவற்றிடம் போகிறேன், அதற்கென்று தனிச் செருப்பு.

20 நவம்பர்

குஞ்சுகளில் இரண்டுக்கு அம்மை. கொண்டையிலும் கண்ணோரத்திலும் மிளகளவு கொப்புளங்கள். மழைக்காலத்துக் கொசு கொண்டுவந்த வினை. ஒன்றுக்குக் கண் இரண்டும் ஒட்டிப்போய்விட்டது. அம்மை கண்ட குஞ்சு பெரும்பாலும் கண் தெரியாமல் பட்டினி கிடந்தே சாகிறது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் கண்ணை நனைத்துத் திறக்கிறேன், கேழ்வரகுக் கூழைத் தீப்பெட்டிக் குச்சி நுனியில் தொட்டு ஊட்டுகிறேன். பொருக்கைப் பிய்க்கக் கூடாது, தானாக உதிர்ந்தவற்றை எரித்துவிட வேண்டும். அவற்றில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

23 நவம்பர்

கண் மூடிய குஞ்சு இறந்துவிட்டது. வாய்க்குள்ளும் மஞ்சள் படலம் பரவி மூச்சை அடைத்திருக்கிறது. உள்ளங்கையில் எடுத்தபோது ஒரு பிடி பஞ்சளவுகூட எடையில்லை. நாள் முழுவதும் எதிலும் மனம் செல்லவில்லை.

இன்னொன்று தானாகக் கொத்தித் தின்கிறது.

2 டிசம்பர்

குட்டிக்குக் கடைசி ஊசி போட்டாயிற்று. தொடையில் முடி முளைத்துவிட்டது. மருந்தக வாசலில் இருந்த வேப்பங்கன்றைக் கடித்து, அங்கிருந்த உதவியாளரிடம் திட்டும் வாங்கியது.

பெட்டையின் முதுகில் தோல் இரண்டு பக்கமும் சேர்ந்துவிட்டது. நடுவில் பொருக்கு உதிர்ந்த இடம் இளஞ்சிவப்பாக, மெல்லிய காகிதம்போல் பளபளக்கிறது. நாய் இறகைப் பிடுங்கிய இடத்தில் புது முளைகள் கூராகத் தெரிகின்றன. நான் கத்தரித்த இடத்தில் மட்டும் மொட்டைத் தண்டுகள். அவை அடுத்த இறகு உதிர்ப்பில்தான் மாறும்.

8 டிசம்பர்

கூட்டத்தில் திரும்பச் சேர்ப்பது தனி வேலை. ஒரு மாதம் விலகியிருந்த கோழிக்குப் பழைய இடம் கிடையாது, கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். சில நாளாகப் பஞ்சாரத்தை முற்றத்தின் நடுவில் வைத்து, மற்றவை சுற்றிலும் மேயும்படி விட்டிருந்தேன். இன்று அடையும் நேரத்தில் திறந்துவிட்டேன். இருட்டும்போது சண்டை குறைவு. கறுப்புப் பெட்டை மட்டும் இரண்டு கொத்துக் கொத்தியது, அதுவும் தலையில்தான். இரை வைக்கும் தட்டுகளை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

14 டிசம்பர், சனி

இன்று சாம்பல் பெட்டைக்கும் தடுப்பூசி. கீழத்தெருவில் புதிதாகச் சாவு இல்லை என்று மருந்தகத்தில் சொன்னார்கள். கோழிக் கூடையோடு வந்த அந்த அக்காவும் இன்று வரிசையில் நின்றிருந்தார், மிஞ்சியிருந்த கோழிகளுடன். அவர் சந்தைக்குப் போகவில்லை. பிப்ரவரியில் நடக்கும் அரசு முகாமுக்கும் வந்துவிடுங்கள், இருவரும் சேர்ந்தே போவோம் என்றேன்.

இனி கவலை சேவலைப் பற்றித்தான். இணைசேரப் பெட்டையின் முதுகில் ஏறி மிதிக்கும்போது அதன் நகம் பட்டால் புதுத்தோல் கிழிந்துவிடும். அப்பத்தா பழைய வேட்டியை மடித்து, இறக்கையில் மாட்டிக்கொள்ளும்படி முதுகுத் துணி ஒன்று தைத்துக் கொடுத்தார். கழற்றிவிட முதலில் புரண்டு பார்த்தது, பிறகு மறந்துவிட்டது. வாரம் ஒருமுறை அவிழ்த்து அடியில் பேன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேவலின் நகத்தை நாளை அரத்தால் மழுங்கடிக்கத் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறான். வேலிப்படலின் அடியில் கல் பதிக்கும் வேலையும் அவனுக்குத்தான்.