ஸ்டீரியோ ரியலிஸ்ட்: விலை பேசும் முன் பார்த்ததும், முதல் ரோலில் கிடைத்ததும்

ஸ்டீரியோ ரியலிஸ்ட் என்பது 35 மிமீ ஃபிலிமில், பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு லென்ஸால் இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று என ஜோடிப் படம் எடுக்கும் முப்பரிமாணக் கேமரா. சோதித்தது எஃப்/3.5 லென்ஸ் உள்ள ரியலிஸ்ட். மில்வாக்கியின் டேவிட் வைட் நிறுவனம் 1947-ல் இருந்து 1971 வரை விற்ற கேமரா. நிறைய தயாரானதால் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அரிய பொருள் என்று சொல்லி விலை ஏற்றினால் நம்ப வேண்டாம். எஃப்/2.8 மாடலுக்கு விலை கூடுதல். கஸ்டம் ரியலிஸ்ட், பெல்பிளாஸ்கா, வெராஸ்கோப் எஃப்40 ஆகிய ஸ்டீரியோ கேமராக்கள் எல்லாம் அதற்கும் மேலே. கோடக் ஸ்டீரியோ மலிவு, ஆனால் ஷட்டர் இறுகிக் கிடப்பது அதிகம்.

தோல் உரிந்திருந்தால் ஒட்டிக்கொள்ளலாம். விலையில் கணிசமாகக் கழிக்க வேண்டியது இரண்டு பக்கமும் ஒத்துப்போகாதபோதுதான். ஷட்டரை 1/10-ல் வைத்து, பின்மூடியைத் திறந்து, முன்னால் வெள்ளை விளக்கு வைத்து, பின்பக்கத்தில் இருந்து போனில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் படம் பிடித்தோம். 1/10 நொடி என்றால் 24 ஃபிரேம் வெளிச்சம் தெரிய வேண்டும். இடப்பக்கம் 26, வலப்பக்கம் 31. வலது ஷட்டர் பிளேடுகளில் பழைய எண்ணெய் பிசுக்கு. மெதுவான வேகங்களில் திரும்பத் திரும்ப இயக்கியபின் இரண்டும் 25-க்கு வந்தன. அப்படி வராவிட்டால் சர்வீஸ் செலவு முழுவதையும் கேட்கும் விலையில் கழித்துவிடுங்கள். 'சோதிக்கவில்லை' என்று விற்பதற்கும் இதே கணக்குதான். லைட்டர் ஃப்ளூயிடை முன்னால் இருந்து ஊற்றும் வேலை மட்டும் வேண்டாம். கரைந்த எண்ணெய் லென்ஸ் கண்ணாடியில் போய்ப் படியும்.

அடுத்தது லென்ஸ் ஜோடி. ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தில் மங்கலான செல்லோடேப்பை இழுத்து ஒட்டி, ஷட்டரை 'பி'-யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் அமைப்பு) திறந்து பிடித்து, தொலைவில் உள்ள ஒரு கூரை விளிம்பை லூப்பில் (சிறு பூதக்கண்ணாடி) பார்க்கவும். இரு படங்களிலும் கோடு ஒரே உயரத்தில், ஒரே கூர்மையில் இருக்க வேண்டும். உயரத்தில் சிறு வித்தியாசம் இருந்தால் மவுண்ட் செய்யும்போது (ஜோடிப் படங்களை வெட்டிச் சட்டத்தில் பொருத்தும்போது) சரிப்படுத்தலாம். ஒரு பக்கம் மட்டும் ஃபோகஸ் தப்பினால் யாரோ ஒரு லென்ஸை மாற்றியிருக்கிறார்கள் என்றே வையுங்கள். ரியலிஸ்டில் ஃபோகஸ் சக்கரம் லென்ஸை நகர்த்துவதில்லை, ஃபிலிம் தளத்தைத்தான் நகர்த்துகிறது. அதனால் இரண்டு லென்ஸுக்கும் சேர்த்தே மாறும். ஒரு பக்கத்துக்கு மட்டும் சக்கரத்தால் சரிசெய்ய வழியில்லை.

ரோல் போட்ட பிறகு: ஐஎஸ்ஓ 100 ஃபிலிம், நல்ல வெயில், அபெர்ச்சர் எஃப்/11, ஷட்டர் 1/150 நொடி. 35 மிமீ லென்ஸில் எஃப்/11-ல் 4.5 மீட்டருக்கு ஃபோகஸ் வைத்தால் ஏறத்தாழ 2.2 மீட்டரில் இருந்து முடிவிலிவரை கூர்மை. லென்ஸ் இடைவெளி 70 மிமீ. அதன் 30 மடங்கு 2.1 மீட்டர். அதைவிடக் கிட்டே பொருள் வந்தால், பின்னணி தூரத்தில் இருக்கும்போது பார்ப்பவரின் கண் வலிக்கும். இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் முட்டுவதால் இந்த அமைப்பை மாற்றாமலே ரோலை முடிக்கலாம். ஷட்டரைத் தனி லீவரால் ஏற்ற வேண்டும். ஃபிலிமைச் சுற்றினால் தானாக ஏறாது. கேமராவை மட்டமாகப் பிடிப்பதில் சமரசமே கூடாது. சாய்ந்தால் ஒரு கண் படம் மேலே, மறு கண் படம் கீழே போய்விடும்.

ஒவ்வொரு படமும் ஃபிலிம் ஓரத்தில் உள்ள துளைகளில் ஐந்து துளை அகலம். 36 எக்ஸ்போஷர் ரோலில் 28 அல்லது 29 ஜோடி. ஜோடிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்காது: 1-ம் 4-ம், 3-ம் 6-ம், 5-ம் 8-ம் என்று பின்னிக்கொண்டு போகும், 2-வது இடம் காலியாகவே வரும். லேபில் கொடுக்கும்போது 'வெட்ட வேண்டாம், மவுண்ட் வேண்டாம்' என்று கவர்மேல் எழுதுங்கள். அவர்களுடைய இயந்திரம் எட்டுத் துளைக்கு ஒரு வெட்டு போடும். அப்படிப் போட்டால் படங்கள் நடுவில் துண்டாகும்.

மவுண்ட் செய்யும்போது, படங்கள் நேராகத் தெரியும்படி ஃபிலிம் ஸ்டிரிப்பைத் திருப்பினால் இடது கண் படம் வலப்பக்கம் வந்து நிற்கும். இடம் மாற்றி வைக்கவும். மாற்றாவிட்டால் முன்னால் நிற்கும் மரம் வானத்துக்குப் பின்னால் குழிவாகத் தெரியும். முதல் ரோலில் வெள்ளைச் சுவர் உள்ள ஜோடிகளைத் தனியே எடுத்து வ்யூவரில் (இரு கண்ணாலும் பார்க்கும் ஸ்டீரியோ கருவி) பாருங்கள். சுவர் மினுங்கினால் இரு பக்க வெளிச்சம் இன்னும் ஒன்றவில்லை; ஷட்டரை மறுபடி அளக்க வேண்டும், அது சரியாக இருந்தால் அபெர்ச்சர் பிளேடுகளை (லென்ஸின் துவாரத்தைச் சுருக்கும் தகடுகள்) பார்க்க வேண்டும்.