நான்கு வரித் திருத்தமும் ஐந்து மாதமும்

நேற்று இரவு லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கர்னலின் முதன்மைக் களஞ்சியத்தைப் புதுப்பித்துவிட்டு என் பெயரைத் தேடினேன். ஒரே ஒரு கமிட், அதாவது பதிவான மாற்றம், வந்து நின்றது. மொத்தம் நான்கு வரி. முதல் மின்னஞ்சலுக்கும் இதற்கும் நடுவே ஐந்து மாதம் ஓடிவிட்டது. நிரலில் எனக்குச் சிக்கலே இல்லை; சிக்கியதெல்லாம் மற்றவற்றில்தான். இதே வேலையில் இறங்கப்போகிறவர்கள் நான் விழுந்த குழிகளில் விழ வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

பிழை சிறியது. எங்கள் மின்சுற்றுப் பலகையில் உள்ள ஒரு சென்சாரின் டிரைவர் (அதை இயக்கும் நிரல்), தொடங்கும்போது மின்சாரத்தைத் திறந்துவிடும். அடுத்த படி தோற்றால் அதை மூடாமலேயே வெளியே வந்துவிடும். துவக்கப் பதிவில் எச்சரிக்கை வரும், பேட்டரியும் வீணாகும். தோற்கும் வழியில் மூடச் சொன்னால் தீர்ந்தது. ஒரு மணி நேரத்தில் எழுதிச் சோதித்துவிட்டேன்.

முதல் தவறு அன்றே நடந்தது. கர்னலுக்கான திருத்தங்கள் மின்னஞ்சலில்தான் போகும். உலாவியில் மின்னஞ்சலைத் திறந்து, பேட்சை, அதாவது திருத்த வரிகளை, அப்படியே ஒட்டி அனுப்பினேன். டேப் எல்லாம் இடைவெளிகளாக மாறிவிட்டன, நீண்ட வரிகள் மடிந்துவிட்டன. அப்படிப்பட்ட பேட்சை யாராலும் பொருத்திப் பார்க்க முடியாது. போதாததற்கு நான் வேலை செய்த மரம், அதாவது கர்னல் நிரலின் பிரதி, பலகை விற்றவர்கள் கொடுத்த பழைய 5.15 வெளியீடு. அதிலிருந்த பராமரிப்பாளர் (ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பானவர்) பட்டியலைப் பார்த்து அனுப்பியதால், ஒரு முகவரி செயலில் இல்லை என்று மடல் திரும்பி வந்தது. அவர் எப்போதோ வேலை மாறிவிட்டிருக்கிறார். யாருக்கு அனுப்புவது என்று சொல்லும் நிரலை எப்போதும் புதிய மரத்தில் வைத்து ஓட்டுங்கள். அந்தப் பட்டியல் இருக்கும் மெயின்டெய்னர்ஸ் கோப்பில் ‘டி’ என்று தொடங்கும் வரி இருந்தால், அந்தத் துணை அமைப்பின் மரம் அதுதான். பேட்ச் அதன்மேல் பொருந்த வேண்டும்.

இரண்டாவது குழி என் அலுவலகத்திலேயே இருந்தது. பேட்சின் கீழே ‘சைன்டு-ஆஃப்-பை’ என்று பெயரும் முகவரியும் எழுதினால், இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று உறுதிமொழி தருகிறோம் என்று பொருள். 2003இல் எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்து, கர்னலில் யாருடைய நிரல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கிளப்பியது. அதன் பிறகு 2004இல் வந்த ஏற்பாடு இது. அலுவலக நேரத்தில் எழுதிய நிரலுக்கு உரிமை நிறுவனத்துடையது. எனவே அனுமதி இல்லாமல் நான் அந்த வரியை எழுதக் கூடாது. முதல் மடலில் எழுதிவிட்டேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

சட்டப் பிரிவுக்கு விண்ணப்பித்தேன். ஏழு வாரம். உறுதிமொழியில் நான்கே உட்பிரிவுகள், அரைப் பக்கம்கூட வராது. நான்காவது உட்பிரிவில் வழக்கறிஞர் நின்றுவிட்டார். நாம் தரும் பெயர், முகவரி உட்பட எல்லாம் பொதுவில் காலவரையின்றி வைக்கப்படும் என்கிறது அது. பின்னால் நீக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். எங்கள் பலகை ஓடுவதே ஜிபிஎல் 2 என்ற திறந்த மூல உரிமத்தில் வரும் கர்னலில்தான் என்பதையும், இந்தத் திருத்தம் உள்ளே போகாவிட்டால் ஒவ்வொரு முறை கர்னலை உயர்த்தும்போதும் அதை நாமே கையால் சுமக்க வேண்டும் என்பதையும் இரண்டு பக்கமாக எழுதிக் கொடுத்த பிறகுதான் அனுமதி வந்தது. உங்களுக்கு என் அறிவுரை: நிரலை எழுதுவதற்கு முன்பே இந்த அனுமதியைக் கேட்டு வையுங்கள்.

அனுமதியோடு பேட்சின் இரண்டாம் பதிப்பை அலுவலக முகவரியிலிருந்து அனுப்பினேன். எங்கள் மின்னஞ்சல் வழங்கி ஒவ்வொரு மடலின் அடியிலும் ஒரு பத்தியை ஒட்டும். ‘இது இரகசியமானது, உரியவர் அல்லாதவர் அழித்துவிட வேண்டும்’ என்று. உலகமே படிக்கும் அஞ்சல் பட்டியலுக்கு அதோடு பேட்ச் போய்ச் சேர்ந்தது. இந்தக் குறிப்பு இருக்கும் மடலைத் தொட மாட்டோம் என்று பதில் வந்தது; அவர்கள் சொன்னது நியாயம். இதற்கு வழி பி4 என்ற கருவி. அதில் வலைவழி அனுப்பும் வசதி இருக்கிறது. நம் மின்னணுத் திறவுகோலைப் பதிவு செய்துகொண்டால் அலுவலக வழங்கியைத் தொடாமலே பேட்ச் பட்டியலுக்குப் போய்விடும். இதை முன்பே அறிந்திருந்தால் எனக்கு இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

பெயரைப் பற்றி நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். என் பெயர் ஒற்றைச் சொல், முன்னால் அப்பாவின் முதலெழுத்து. அலுவலக மடலில் அந்த எழுத்து பின்னால் வரும், நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் அமைப்பில் முன்னால் இருந்தது. அனுப்புநர் பெயரும் கையொப்பப் பெயரும் பொருந்தவில்லை என்று பேட்சைச் சரிபார்க்கும் செக்பேட்ச் நிரல் எச்சரித்தது. குடும்பப் பெயர் கட்டாயமோ என்று நானும் குழம்பினேன். அப்படி எந்த விதியும் இல்லை. ‘உண்மைப் பெயர்’ என்றிருந்த விதியின் சொற்களையே 2023இல் ‘அறியப்பட்ட அடையாளம்’ என்று மாற்றிவிட்டார்கள். எந்த வடிவமானாலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதினால் போதும்.

மூன்றாம் பதிப்பில் ‘ஃபிக்ஸஸ்’ வரி தவறு. பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் அடையாளக் குறியீட்டில் முதல் 12 எழுத்துகளும் அதன் தலைப்பும் அதில் வர வேண்டும். ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்ட கமிட்டைச் சொல்லும் கிட் பிளேம் கட்டளை காட்டியதை அப்படியே எடுத்துப் போட்டேன். அந்தக் கமிட் வரிகளை வேறு கோப்புக்கு நகர்த்தியது மட்டும்தான். பிழை அதற்கும் முந்தையது.

என்னை உண்மையில் வாட்டியது நான்காம் பதிப்பு. ஒரு மதிப்பாய்வாளர், மூடுவதைத் தானே பார்த்துக்கொள்ளும் புதிய செயற்கூறுக்கு டிரைவரை மாற்றச் சொன்னார். நல்ல யோசனை. இரண்டு மாலை செலவழித்து மாற்றினேன். நான்கு வரி அறுபது வரி ஆயிற்று. பராமரிப்பாளர் மறுத்துவிட்டார். பழைய நிலைத்த வெளியீடுகளுக்கும் இந்தத் திருத்தம் போக வேண்டும், 5.15இல் அந்தச் செயற்கூறே கிடையாது என்பது அவர் காரணம். இரண்டு பேரும் அவரவர் அளவில் சரி. நடுவில் நின்ற எனக்கு யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை.

அங்கேதான் இந்தத் திட்டம் நடக்கும் விதம் புரிந்தது. வாக்கெடுப்பு இல்லை, பேட்சை ஏற்கும் குழு இல்லை. மெயின்டெய்னர்ஸ் கோப்பில் ‘எம்’ வரியில் இருப்பவர் பேட்சைத் தன் மரத்தில் எடுத்தால்தான் அது மேலே போகும், கடைசியில் கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த மரத்தை இழுத்துக்கொள்வார். ‘ஆர்’ வரியில் இருப்பவர் கருத்துச் சொல்பவர். அவர் கருத்துக்குப் பெரிய மதிப்பு உண்டு, ஆனால் எடுத்துக்கொள்ளும் கை அவருடையது அல்ல. முரண்பட்ட கருத்து வந்தால் அடுத்த பதிப்பை எழுத ஓடாதீர்கள். இருவரையும் வைத்து, எந்த வழியில் போகட்டும் என்று அதே மடல்தொடரில் கேளுங்கள். நான் கேட்டபோது ஒரே நாளில் முடிவு வந்தது: முதல் பேட்ச் நான்கு வரித் திருத்தம், இரண்டாவது பேட்ச் புதிய செயற்கூறுக்கான மாற்றம்.

ஐந்தாம் பதிப்பை அப்படியே பிரித்து அனுப்பினேன். கெட்ட நேரம், இணைப்புக் காலம் தொடங்கிய நாள் அது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பிறகு வரும் அந்த இரண்டு வாரத்தில் பராமரிப்பாளர்கள் சேர்த்து வைத்ததை மேலே அனுப்புவதில் மூழ்கியிருப்பார்கள். மூன்றாம் நாளே நினைவூட்டல் அனுப்பி அவசரப்பட்டேன். ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. இணைப்புக் காலம் முடிந்து, அடுத்த வெளியீட்டின் முதல் முன்னோட்டம் வந்தும் பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்து மரியாதையாக ஒரு வரி எழுதினேன். அதற்கும் மௌனம். மறுப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாம், மௌனத்தை என்ன செய்வது? ஒருவர் எத்தனை கோப்புகளைத் தாங்குகிறார் என்று தெரிந்தும் மனம் ஆறவில்லை. ‘பார்த்தேன், அடுத்த மாதம்’ என்று மூன்று சொல் எழுதினால் புதியவர்கள் பாதிப் பேர் விலகாமல் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

பொறுத்திருந்து, எதையும் மாற்றாமல் ‘மறு அனுப்பல்’ என்று தலைப்பில் குறித்து மீண்டும் அனுப்பினேன். மூன்றாம் நாள் காலை பதில் இருந்தது: முதல் பேட்சை எடுத்துக்கொண்டேன், நன்றி. கீழே, நான்காம் பதிப்பில் வேறு வழி சொன்ன அதே மதிப்பாய்வாளர், பார்த்தேன், சரி என்று கையெழுத்திடும் ‘ரிவியூடு-பை’ வரி. கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன்.

இரண்டாவது பேட்சை அடுத்த சுற்றுக்கு என்று தள்ளிவைத்திருக்கிறார். புதிய முன்னோட்டம் வந்ததும் அவர் மரத்தின்மேல் பொருத்திப் பார்த்து அனுப்பிவிட்டேன். இன்றோடு ஒன்பது நாள். இன்னும் ஐந்து நாள் பொறுத்து ஒரே ஒரு வரி எழுதுவேன்.