வெள்ளிக்கிழமை வாங்கிய மீன்

திரும்பி வரும் தட்டைப் பார்த்தாலே அந்த மேசையில் என்ன நடந்தது என்று சமையலறைக்குத் தெரிந்துவிடும். வஞ்சிரம் வறுவலில் ஓரம் மட்டும் பிய்த்திருக்கும். நடுமுள்ளை ஒட்டிய சதை அப்படியே கிடக்கும். விரலால் அழுத்தினால் அது அடுக்கடுக்காகப் பிரியாது, மாவு போல நசுங்கும். அடியில் மசாலா கரைந்த சிவப்புத் தண்ணீர் இரண்டு கரண்டி தேங்கியிருக்கும். பக்கத்தில் நாலைந்து இறால், தலைப்பக்கம் வாலைத் தொடும் அளவுக்குச் சுருண்டு, ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளில் ஞாயிறு இரவுகளில் இப்படிப்பட்ட தட்டுகள் வருவது வழக்கம். விருந்தாளியின் ஏமாற்றம் நியாயமானது. கண்ணெதிரே அலை அடிக்கிறது. அந்தக் கடலின் மீன்தான் தட்டில் இருக்கிறது என்று நம்பித்தான் அவர் அந்த விலையைக் கொடுக்கிறார்.

பெரும்பாலும் அது அந்தக் கடலின் மீன் அல்ல. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் ஃபைபர் படகுகள் காலையில் கரையேறுகின்றன. ஆனால் மீன்பாடு நாளுக்கு நாள் மாறும். ஒரு நாள் சங்கரா, ஒரு நாள் கானாங்கெளுத்தி, இன்னொரு நாள் நெத்திலியைத் தவிர எதுவும் இருக்காது. மெனு கார்டோ வருடம் முழுக்க மாறாது: வஞ்சிரம், வவ்வால், இறால், கணவாய், நண்டு. கணக்குப் பிரிவுக்குப் பில் வேண்டும், ஒரு மாதக் கடன் வேண்டும். கரையில் ஏலம் விடுபவரிடம் இரண்டும் கிடைக்காது. அதனால் மீன் காசிமேட்டிலிருந்தோ சிந்தாதிரிப்பேட்டையிலிருந்தோ ஒரு வெண்டர் மூலமாகத் தெர்மாகோல் பெட்டியில் வருகிறது. கடலோரத்தில் இருக்கும் சமையலறை, கடலைச் சுற்றிக்கொண்டு சென்னை வழியாக மீன் வாங்குகிறது.

கோடை விடுமுறையில் நிலைமை இன்னும் மோசம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தமிழகத்தில் 2017-க்கு முன் இது 45 நாளாக இருந்தது. அறைகள் நிரம்பி வழியும் இரண்டு மாதமும் பெரிய மீன் வரத்து குறையும் இரண்டு மாதமும் ஒன்றேதான். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்து மீன் கொஞ்சம் வரும். மீதி குளிர்பதனக் கிடங்கிலிருந்து வரும். மெனு கார்டில் வஞ்சிரம் இருக்கிறதே, எப்படியாவது வந்தாக வேண்டும்.

இனி நாள் கணக்கு. வார இறுதிக்காக வெள்ளிக்கிழமை 30, 40 கிலோ வாங்கிவைப்பார்கள். ஞாயிறு இரவுக்குள் மூன்று நாள் ஆகிவிடும். அந்த மீன் விசைப்படகின் ஐஸ் அறையில் எத்தனை நாள் இருந்தது என்பதும் சேர வேண்டும். மீனின் வயதைப் பிடித்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், வாங்கிய நாளிலிருந்து அல்ல. இதைப் புதிதாக வரும் பையன்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுக்க வேண்டும். பல சமையலறைகளில் சொல்வதில்லை.

குடல் எடுத்துச் சுத்தம் செய்த வஞ்சிரம், உருகும் ஐஸுக்குள் 0 டிகிரியில் இருந்தால் பல நாள் தாங்கும். அதே மீன் 5 டிகிரி குளிர்பெட்டியில் இருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகக் கெடும். காய்கறிக்கு வைத்த குளிர் மீனுக்குப் போதாது. எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். பாறை ஐஸை உடைத்துக் கொட்டினால் அதன் முனைகள் சதையைக் குத்தும். நொறுக்கிய ஐஸ்தான் சரி. பெட்டியின் அடியில் ஓட்டை திறந்திருக்க வேண்டும். அந்த ஓட்டையை, தரை நனைகிறது என்று துணி வைத்து அடைத்திருப்பார்கள். உருகிய தண்ணீரும் ரத்தமும் வெளியேறாமல், மூன்றாம் நாள் மீன் அந்தக் குழம்பில் மிதக்கும். செவுள் பழுப்பாகியிருக்கும், கண் உள்ளே போயிருக்கும்.

மிஞ்சியது டீப் ஃப்ரீசருக்குப் போகும். தவறுகளில் பெரியது இதுதான். ஹோட்டல் ஃப்ரீசர், ஏற்கெனவே உறைந்த பொருளை மைனஸ் 18-ல் காப்பதற்கானது. 5 கிலோ மீனை ஒரே பாலிதீன் பையில் கட்டி உள்ளே தள்ளினால் நடுப்பகுதி உறைய மணிக்கணக்கில் ஆகும். மெதுவாக உறையும்போது ஐஸ் துகள்கள் பெரிதாக வளர்ந்து சதையின் நார்களைக் கிழிக்கும். தட்டின் அடியில் தேங்கிய அந்தச் சிவப்புத் தண்ணீர் அங்கிருந்து வந்ததுதான். இரவு 8 மணிக்குக் கேஓடி, அதாவது சமையலறைக்கான ஆர்டர் சீட்டு, வந்ததும் பையை வெந்நீரில் போட்டு உருக்குவார்கள். வெளிப்பக்கம் வெந்ததுபோல் ஆகும், உள்ளே கல்லாக இருக்கும். உறையவைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் துண்டுகளைத் தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, அரை கிலோ பொட்டலங்களாகக் கட்டித் தேதி எழுத வேண்டும். முந்தின இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், ஓட்டைத் தட்டின் மேல் வைத்து உருக்க வேண்டும். உருக்கியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது.

இறால் கதை வேறு. இன்று ஹோட்டல்களுக்கு வருவதில் பெரும்பகுதி பண்ணையில் வளர்ந்த வனாமி என்ற இறால் வகை. அது தரம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன், நன்றாகக் கையாண்டால் அருமையாக இருக்கும். சிக்கல், உறைந்த பாக்கெட்டில். மேலே பூசிய ஐஸ் 20 சதவீதம் என்றால் ஒரு கிலோவில் இறால் 800 கிராம்தான். பாஸ்பேட் கரைசலில் ஊறியிருந்தால் சதையே தண்ணீரைக் குடித்திருக்கும். தவாவில் போட்டதும் அந்தத் தண்ணீர் இறங்கி, வறுபடுவதற்குப் பதில் வேகும். நிறம் வரவில்லையே என்று சமையல்காரர் இன்னும் இரண்டு நிமிடம் விடுவார். இறால் வட்டமாகச் சுருண்டு ரப்பராகிவிடும். அரை வட்டத்தில் இறக்கிவிட வேண்டும். உருக்கி, வடித்து, துணியால் ஒற்றி, நன்றாகக் காய்ந்த இரும்புத் தவாவில் ஒரே அடுக்காகப் போட்டால் நடுத்தர இறாலுக்கு ஒரு பக்கம் ஒன்றரை நிமிடம் போதும். கணவாய்க்கு இரண்டு நிமிடம், இல்லையென்றால் முக்கால் மணி நேரம். இடையில் எங்கே நிறுத்தினாலும் மெல்ல முடியாது.

மசாலா பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காலை 11 மணிக்கே மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு தடவி இரவு வரை வைக்கும் பழக்கம் ரிசார்ட்டுகளில் உண்டு. புளிப்பு, சதையின் புரதத்தை நெருப்பில்லாமலே இறுக்கிவிடும். இரவு தவாவில் போடும்போது அது இரண்டாம் முறை வேகிறது, சுண்ணாம்புபோல் உலர்கிறது. உப்பும் மஞ்சளும் மிளகாயும் அரை மணி நேரம், எலுமிச்சை பரிமாறும்போது. கெட்டியான சிவப்பு மசாலா பழைய மீனின் வாடையை மறைக்க உதவுவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதற்காக மசாலாவைக் கூட்டுகிற சமையலறையில் வேலை செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மறைக்க முடியாதது ஒன்றும் உண்டு. சூரை, கானாங்கெளுத்தி, வஞ்சிரம் போன்றவை பிடித்தபின் சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் உண்டாகும். வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் நாக்கு சுரீரென்று எரியும், முகம் சிவக்கும், தலை வலிக்கும். ‘மீன் நாக்கைக் கடிக்குது தம்பி’ என்று ஒரு விருந்தாளி சொன்னால், காரம் அதிகமோ என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. தட்டை உடனே எடுத்து, அந்தத் தொகுதி மீன் முழுவதையும் நிறுத்திவிட்டு, அவருக்கு மருத்துவ உதவி வேண்டுமா என்று பார்க்க வேண்டும்.

மணலில் மேசை போட்டுப் பரிமாறுவதில் வேறு தொல்லை. தவாவிலிருந்து மேசைக்கு நூறு அடி நடை, எதிரே கடற்காற்று. மூடி போட்டால் ஆவி இறங்கி மொறுமொறுப்பு போகும், போடாவிட்டால் ஆறிவிடும். தவாவை மேசைப் பக்கம் கொண்டுபோவதே வழி. பஃபேயில் பெயின்மேரியில், அதாவது உணவைச் சூடாக வைக்கும் வெந்நீர்த் தொட்டியில், வைத்த வறுவல் இருபது நிமிடத்தில் தளர்ந்துவிடும். ஒரு கிலோ, ஒரு கிலோவாக வறுத்து அனுப்ப ஆள் வேண்டும். ஆளைக் குறைத்துவிட்டு மொத்தமாக வறுத்துக் கொட்டும் இடத்தில் எந்த நல்ல மீனும் தேறாது.

தட்டு திரும்பி வந்தால் பில்லில் தள்ளுபடி கொடுத்து அனுப்புவது மேலாளரின் வேலை. சமையலறையின் வேலை, அதே பெட்டியில் மிச்சமிருக்கும் பச்சை மீனை எடுத்து முகர்ந்து, அழுத்திப் பார்த்து, வேண்டாமென்றால் கேஓடியில் அந்த ஐட்டத்தை அப்போதே நிறுத்துவது. அடுத்த மேசைக்கு அது போகக் கூடாது.

விருந்தாளியும் இரண்டு கேள்வி கேட்கலாம். இன்றைக்குக் கரையில் என்ன வந்தது? முழு மீனைக் காட்ட முடியுமா? காட்டினால் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். எடைக்கு விலை என்றால், அது சுத்தம் செய்வதற்கு முன்னா பின்னா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

மீன் பகுதியை அச்சடித்த மெனு கார்டிலிருந்து எடுத்துவிட்டு, வாசலில் ஒரு கரும்பலகை வைத்தால் மேலே சொன்னதில் பாதி தீரும். காலையில் கரைக்கு ஒருவர் போய் வர வேண்டும், கையில் ரொக்கம் கொடுத்து அனுப்ப வேண்டும். தடைக்காலத்திலும் ஃபைபர் படகுகள் கடலுக்குப் போகின்றன. மே மாதத்தில் அன்று காலை வந்த நெத்திலி 3 கிலோ கிடைத்தால் போதும். தலை கிள்ளி, குடல் எடுத்து, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், ஒரு கைப்பிடி அரிசி மாவு. காய்ந்த எண்ணெயில் கால் கிலோ கால் கிலோவாகப் போட்டு, சலசலப்பு அடங்கியதும் அள்ளி, கறிவேப்பிலையோடு சூடாக அனுப்பினால் அந்தத் தட்டு காலியாகத்தான் திரும்பும்.