ஹிமெனெஸுக்குத்தான் என் ஓட்டு, ஆனால் அந்த ராத்திரிக்காக இல்லை

மழைக்காக பேஸ்பால் ஆட்டம் நின்றுவிட்டால், பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸ் மைதான மேல்தளத்தில் எங்கள் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும். சமீப வருடங்களில் நம் ஊர் அணியான ஓரியோல்ஸுக்கு வாய்த்தவர்களில் படுமோசமான பிட்சர், அதாவது பந்து வீசுபவர், யார்?

என்னோடு வரும் அண்ணன் என்னைவிட ரொம்ப காலமாக இந்த அணியைப் பார்க்கிறவர். 1988 சீசனில் முதல் 21 ஆட்டங்களும் வரிசையாகத் தோற்றதைக்கூடத் தாங்கிக்கொண்டவர். அவருக்குப் பதிலில் சந்தேகமே கிடையாது. "உபால்டோ ஹிமெனெஸ். டொராண்டோவில் சீசனையே கவிழ்த்தானே, அது போதாதா?" என்பார். என் மகள் உடனே, "இல்லை பெரியப்பா, மாட் ஹார்வி" என்பாள். அவள் விவரம் தெரிந்து பார்த்த முதல் சீசன் 2021. அந்த வருடம் ஹார்விக்கு 6 வெற்றி, 14 தோல்வி. ஈ.ஆர்.ஏ. 6.27. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக ஆறு ரன்னுக்கு மேல் கொடுத்திருக்கிறார். ஆனால் அது 110 ஆட்டம் தோற்ற அணி. வாராவாரம் பந்து வீச ஆள் வேண்டுமே என்று நிறுத்தப்பட்டவரை எப்படிக் குற்றம் சொல்வது? அவர்மேல் யாரும் பெரிய நம்பிக்கை வைத்திருக்கவில்லை.

ஒரே நாள் கணக்கு என்றால் டிலன் பண்டிதான். 2018 மே 8, கான்சாஸ் சிட்டி ராயல்ஸுடன் ஆட்டம். நானும் மகளும் படியேறிக்கொண்டிருந்தபோதே முதல் ஹோம் ரன் (வேலிக்கு வெளியே போகும் அடி) சத்தம் கேட்டது. இடத்தைத் தேடிப் பிடித்து உட்கார்வதற்குள் இன்னும் இரண்டு. அப்புறம் இரண்டு வாக் (பந்துகள் விலகிப் போனதால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்), அதன்மேல் இன்னொரு ஹோம் ரன். ஏழு பேட்டர்கள், ஏழு ரன், ஒரு அவுட்கூட இல்லை. ஒருவரையும் அவுட்டாக்காமல் நான்கு ஹோம் ரன் கொடுத்த பிட்சர் மேஜர் லீக் என்ற உச்சநிலைப் பேஸ்பால் லீகின் வரலாற்றிலேயே அவருக்கு முன் கிடையாது. அவர் தலை குனிந்து பந்து வீசும் மேட்டிலிருந்து இறங்கியபோது எங்கள் வரிசையில் ஒருவர்கூடக் கத்தவில்லை. முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இளமையில் சில வருடங்களை அப்படியே பறிகொடுத்துவிட்டு மீண்டு வந்த பையன் அவர். அந்த ஒரு நாளை வைத்து அவரை 'மோசமானவர்' பட்டியலில் சேர்க்க எனக்கு மனசு வராது.

கிறிஸ் டில்மனையும் அப்படித்தான் விட்டுவிடுவேன். 2016இல் 16 வெற்றி, அடுத்த வருடம் ஒன்றே ஒன்று. ஈ.ஆர்.ஏ. 7.84. நடுவில் நடந்தது தோள்பட்டைக் காயம். அது தோளின் குற்றம்.

2019இல் எங்கள் பிட்சர்கள் எல்லோருமாகச் சேர்ந்து 305 ஹோம் ரன் கொடுத்தார்கள். ஒரே சீசனில் ஒரு அணி கொடுத்ததில் அதற்கு முந்தைய சாதனை 258. யாங்கீஸ் அணியின் கிளேபர் டோரஸ் மட்டுமே எங்கள் பந்தை 13 முறை வேலிக்கு வெளியே அடித்தார். அந்தக் கூட்டத்தில் தனியாக ஒருவரைப் பிடித்து நிறுத்துவது நியாயமே இல்லை.

சரி, ஹிமெனெஸுக்கு வருகிறேன். அண்ணன் சொல்லும் பெயரைத்தான் நானும் சொல்வேன். காரணம்தான் வேறு.

2014இல் அவருக்கு நான்கு வருடத்துக்கு 5 கோடி டாலர் கொடுத்தார்கள். 2010இல் கொலராடோ அணிக்காக நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூட, அதாவது பேஸை எட்டவைக்கும் அடிகூட, கிடைக்காத ஆட்டம்) வீசி, 19 ஆட்டம் ஜெயித்தவர். கையில் சரக்கு இருந்தது. எங்களுக்குக் கிடைத்ததோ முதல் வருடத்தில் 125 இன்னிங்ஸில் 77 வாக். நான்கு பந்து விலகினால் பேட்டர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு முதல் பேஸுக்கு நடந்து போய்விடலாம். அவர் கையைக் கீழே இறக்கி, பின்னால் நீளமாகக் கொண்டுபோய், உடம்பை முறுக்கி வீசும் விதம் இருக்கிறதே, அதில் ஏதோ ஒரு நூல் பிசகினாலும் பந்து போகும் திசை அவருக்கே தெரியாது. மூன்று பந்து விலகியதும் அரங்கம் முழுக்க ஒரு பெருமூச்சு எழும். பின்னால் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பார். அப்படி எத்தனை சாயங்காலங்கள்! 2017இல் ஈ.ஆர்.ஏ. 6.81. அதோடு மேஜர் லீகில் அவர் ஆட்டம் முடிந்தது. திறமை இருந்தும் நான்கு வருடம் எங்களைக் காக்கவைத்ததால் என் ஓட்டு அவருக்கு.

ஆனால் டொராண்டோ அவர் தலையில் விழவேண்டிய பழி இல்லை. 2016 அக்டோபர் 4, வைல்ட் கார்டு ஆட்டம், தோற்றால் சீசனே முடிந்தது. பதினோராவது இன்னிங்ஸ், 2-2. அந்த வருடம் 47 முறை முன்னிலையைக் காப்பாற்ற வந்து 47 முறையும் காப்பாற்றிய ஸாக் பிரிட்டன், மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னில் இருக்கிறார். ஈ.ஆர்.ஏ. 0.54. மேனேஜர் பக் ஷோவால்டர் அவரை விட்டுவிட்டு ஹிமெனெஸைக் கூப்பிட்டார். வெளியூர் ஆட்டம் சமநிலையில் இருந்தால், முன்னிலை கிடைக்கும்வரை குளோசரை, அதாவது பிரிட்டனைப் போலக் கடைசியில் வந்து ஆட்டத்தை முடிக்கும் பிட்சரை, தொடாமல் வைத்திருப்பது பழைய வழக்கம். எதிரணி ஒரு ரன் எடுத்த நொடியில் எல்லாம் முடிந்துவிடும் ஆட்டத்தில், யாருக்காக அவரைப் பத்திரப்படுத்துவது? டொராண்டோவின் டிராவிஸ் ஒரு ஹிட், டொனால்ட்சன் ஒரு ஹிட், என்கார்னாசியோன் ஹோம் ரன். 5-2. ஹிமெனெஸ் தொடர்ச்சியாகச் சந்தித்த மூன்று பேர் அவர்கள். செப்டம்பர் முழுக்க அவர் நன்றாக வீசியிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதை அண்ணனிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "கூப்பிட்டது அவர் தப்பு, அந்தப் பந்தைப் போட்டது இவன் தப்பு" என்கிறார். போன மழையிலும் இதே இடத்தில்தான் நின்றோம். அதற்குள் மைதானத்தின் மேல் விரித்த தார்ப்பாயைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.